அமெரிக்கக் கழுத்து, மெக்சிகோ உடல்: 1,180 டாலர் போனது

நேற்று மாலை பழுதுபார்ப்பவரின் மேசைமீது என் மகளின் கிட்டார் இரண்டு துண்டுகளாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். இரவு தூக்கம் பிடிக்கவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதினால் நானே சில விவரங்களை விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். பழைய ஃபெண்டர் கிட்டார் வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக என்னைப் போலத் தாம் வாசிக்கத் தெரியாமல் பிள்ளைகளுக்காக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். நான் இழந்தது 1,180 டாலர்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியின் ஜாஸ் குழுவில் மூன்று ஆண்டுகளாக வாசிக்கிறாள். இதுவரை பள்ளிக்குச் சொந்தமான கிட்டாரைத்தான் பயன்படுத்தி வந்தாள். சென்ற கோடை விடுமுறை முழுவதும் ஐஸ்கிரீம் கடையில் நின்று வேலை செய்து 600 டாலருக்கு மேல் சேர்த்தாள், மீதியை நானும் என் மனைவியும் போட்டோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கலிபோர்னியாவின் கொரோனா நகரத் தொழிற்சாலையில் ஃபெண்டர் செய்த ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற மின்கிட்டார். மெக்சிகோவில் செய்ததும் நன்றாகத்தான் இருக்கிறதாமே என்று நான் கேட்டபோது, "அப்பா, நானே சம்பாதிச்சு வாங்குற முதல் கிட்டார், அது கொரோனாவில் செஞ்சதா இருக்கணும்" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் படித்தேன். ஃபெண்டர் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் அது தலைப்பகுதியில் எழுதப்பட்ட கிட்டார்கள் பல நாடுகளிலிருந்து வந்தவை. 1946-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. ஸ்ட்ராடோகாஸ்டர் 1954-இல் வெளிவந்தது. 1965-இல் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனம் அதை வாங்கிய பிறகு தரம் சரிந்தது என்று வாசிப்பவர்கள் இன்றும் குறைப்பட்டுக் கொள்கிறார்கள். 1970-களில் ஜப்பானியர்கள் செய்த நகல்கள் அசலைவிட நேர்த்தியாகவும் மலிவாகவும் வந்ததால், அவர்களோடு போட்டியிடுவதைவிடச் சேர்ந்துகொள்வதே நல்லது என்று 1982-இல் கண்டா ஷோகாய், யமானோ காக்கி ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் தொடங்கப்பட்டது. மாட்சுமோட்டோ நகரின் ஃபியூஜிஜென் காக்கி தொழிற்சாலையில் செய்யப்பட்ட அந்தத் தொடக்க கால கிட்டார்களின் சீரியல் எண் ஜேவி என்று தொடங்கும், அவற்றை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1985-இல் நிறுவனம் மீண்டும் கைமாறியபோது பழைய ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதனால் கொரோனாவில் புதிய தொழிற்சாலை முழு வேகம் பிடிக்கும் வரை ஜப்பானிலிருந்து வந்த கிட்டார்களே நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தன. 1987-இல் மெக்சிகோவின் என்செனாடாவில் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டுகளில் கொரியாவிலும், பின்னர் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் ஸ்குவயர் என்ற இரண்டாம் பெயரில் மலிவான வரிசைகள் செய்யப்பட்டன.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. மெக்சிகோவில் செய்ததன் எண் காலத்துக்கேற்ப எம்என், எம்இசட், எம்எக்ஸ் என்று தொடங்கும் என்பதும், 2010-இலிருந்து அமெரிக்காவில் செய்ததன் எண் யுஎஸ் என்று தொடங்கும் என்பதும்கூடத் தெரிந்திருந்தது. அந்த அரைகுறை அறிவுதான் என்னைக் கவிழ்த்தது.

பழைய இசைக்கருவிகளைத் தனியாட்கள் வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் (கொரோனாவில் செய்த வரிசை) ஸ்ட்ராடோகாஸ்டர், 2012-ஆம் ஆண்டு, மூன்று வண்ண சன்பர்ஸ்ட் பூச்சு, முழுவதும் அசல் பாகங்கள், விலை 1,250 டாலர் என்று இருந்தது. விற்பவரோடு வீடியோ அழைப்பில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசினேன். நடுத்தர வயது, பொறுமையான பேச்சு. பின்னால் சுவரில் நான்கைந்து கிட்டார்கள் தொங்கின. மகளுக்காக வாங்குகிறேன் என்றதும் அவளையும் அழைக்கச் சொன்னார், என்ன வாசிக்கிறாய் என்று விசாரித்தார், அவள் வாசிக்கும் முறைக்கு எந்தத் தந்தி பொருந்தும் என்று விளக்கிப் புதிய தந்தி போட்டே அனுப்புவதாகச் சொன்னார். பிறகு நான் கேட்காமலேயே கிட்டாரின் தலைப்பகுதியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, "என் வார்த்தையை நம்ப வேண்டாம், சீரியல் எண்ணை நீங்களே சரிபாருங்கள்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன். தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்றே வந்தது. எண் யுஎஸ் 12 என்று தொடங்கியது, அமெரிக்காவில் செய்தது என்று தலையில் எழுதியிருந்தது, மகள் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளை எண்ணிப் பார்த்து 22 ஃப்ரெட் என்றாள், எல்லாமே பொருந்தியது. ஏமாற்ற நினைப்பவன் தானே முன்வந்து எண்ணைக் காட்டுவானா என்று மனைவியிடம் சொன்னேன். சந்தையின் வழியாகப் போனால் அவர்கள் தரகுக் கட்டணம் பிடிப்பார்கள், நேரடியாக அனுப்பினால் 1,180 டாலருக்குத் தருகிறேன் என்றார். பணம் அனுப்பும் செயலியில் நண்பருக்கு அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்து 1,180 டாலரை அன்றே அனுப்பினேன். 70 டாலர் மிச்சப்படுத்தியதாக நினைத்தேன்.

கிட்டார் ஆறாம் நாள் வந்தது. பார்ப்பதற்கு அழகாக இருந்தது, மகள் அன்றிரவு பதினொரு மணி வரை வாசித்தாள். இரண்டாம் நாளே ஏதோ சரியில்லை என்று சொல்லத் தொடங்கினாள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே போனால் தந்தி அதிர்ந்து கறகறத்தது. மிக மெல்லிய தந்தி கழுத்தின் விளிம்பை ஒட்டி ஓடியதால் விரலை வைத்து இழுத்தால் வெளியே வழுக்கியது. சுருதியை அசைக்கும் ட்ரெமோலோ கைப்பிடியை இரண்டு முறை அழுத்தினால் சுருதி விலகியது. பயணத்தில் ஏற்பட்ட மாற்றமாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டு விற்பவருக்கு எழுதினேன். மரம் புதிய வீட்டுச் சூழலுக்குப் பழகப் பத்து நாளாவது ஆகும், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று உடனே பதில் வந்தது. அந்தப் பத்து நாள் எதற்காக என்று இப்போது புரிகிறது.

கிட்டார் வந்த பதினோராம் நாள், அதாவது நேற்று, எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டார் பழுதுபார்த்து வரும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் பெட்டியைத் திறந்ததும் கிட்டாரை எடுக்காமல் சிறிது நேரம் பார்த்தார். பிறகு உடலின்மீது தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் முன்விளிம்பைக் காட்டி எத்தனை திருகுகள் இருக்கின்றன என்று என் மகளைக் கேட்டார். ஆறு என்றாள். 2012-ஆம் ஆண்டின் அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் பிரிட்ஜ் இரண்டு தூண்கள்மீதுதான் நிற்கும் என்றார். அந்த ஆறு திருகுகள் விளம்பரப் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தன. ஒரு மாதம் படித்த நான் தலையை மட்டுமே பெரிதாக்கிப் பார்த்தேன், உடலைப் பார்க்கவில்லை.

பிறகு தந்திகளைத் தளர்த்தி, பின்புறத் தகட்டின் நான்கு திருகுகளையும் கழற்றி, கழுத்தைத் தனியாக எடுத்து வைத்தார். கழுத்தின் அடியில் சிறிய உலோக வட்டு ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. கழுத்தின் சாய்வை ஆலன் சாவியால் நுட்பமாகச் சரிசெய்ய அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் வைக்கும் அமைப்பு அது, அதற்குச் சாவி நுழையப் பின்புறத் தகட்டில் ஒரு துளை இருக்க வேண்டும். எங்கள் தகட்டில் துளையே இல்லை. கழுத்து அமரும் குழியில், சாய்வைச் சரிக்கட்டுவதற்காக, மடித்த அட்டைத் துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. வணிக அட்டை ஒன்றைக் கத்தரித்து மடித்திருந்தார்கள். 1,180 டாலர் கிட்டாருக்குள் இருந்த அந்த அட்டையைப் பார்த்ததும் என் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

முன்பக்கப் பலகையைத் திறந்தபோது, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்களின் அடியில் பட்டையான செராமிக் காந்தம் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. மெக்சிகோவில் 2018-க்கு முன்பு செய்த ஸ்டாண்டர்ட் வரிசையின் அடையாளம் அது. கழுத்து உண்மையாகவே 2012-இல் கொரோனாவில் செய்த கழுத்து, உடலும் மின்பாகங்களும் பிரிட்ஜும் என்செனாடாவின் ஸ்டாண்டர்ட். இப்படிப் பல கிட்டார்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்வதற்குப் பார்ட்ஸ்காஸ்டர் என்று வாசிப்பவர்களிடையே பெயரே இருக்கிறதாம். அப்படிச் செய்வது குற்றமில்லை, அப்படிச் செய்ததைச் சொல்லி விற்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். இவர் முழுவதும் அசல் பாகங்கள் என்று எழுதி விற்றார்.

இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் உள்ள விதி. ஃபெண்டரில் அந்தக் குறிப்பும் சீரியல் எண்ணும் பெரும்பாலும் தலைப்பகுதியில் இருக்கின்றன, தலைப்பகுதி கழுத்தின் பகுதி, கழுத்தோ நான்கு திருகுகளால் மட்டுமே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கழுத்தை மாற்றினால் கிட்டாரின் பிறப்புச் சான்றிதழே மாறிவிடுகிறது. நான் சரிபார்த்தது கழுத்தின் எண்ணை மட்டும்தான். இதை நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு நேராகச் சொல்லியிருக்கவில்லை.

பெரியவர் நல்லவர். மகளைச் சமாதானப்படுத்துவதற்காகக் கடையில் இருந்த மூன்று கிட்டார்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒன்று 1980-களின் ஜப்பானிய ஸ்குவயர், ஒன்று இந்தோனேசியாவில் செய்த கிளாசிக் வைப் என்ற ஸ்குவயர் வரிசை, ஒன்று மெக்சிகோவின் பிளேயர் வரிசை. நாற்பது ஆண்டுப் பழைய ஜப்பானியக் கிட்டாரின் கழுத்து உடலில் காகிதம்கூட நுழையாத அளவுக்கு இறுக்கமாக அமர்ந்திருந்தது, ஃப்ரெட்டின் ஓரங்கள் கைக்குத் தட்டுப்படவே இல்லை. கொரோனாவில் செய்த சிலவற்றைவிட இதன் வேலைப்பாடு சுத்தம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிளேயர் வரிசை 2018-இல் வந்தபோதே இரண்டு தூண் பிரிட்ஜும் 22 ஃப்ரெட்டும் அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தப் பிக்கப்களும் கொடுத்துவிட்டார்கள், ஆகவே ஆறு திருகு இருந்தால் மெக்சிகோ, இரண்டு தூண் இருந்தால் அமெரிக்கா என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யவும் கூடாது. கிளாசிக் வைப் முதலில் 2008-இல் சீனாவிலிருந்து வந்து, 2019-இல் இந்தோனேசியாவுக்கு மாறியது. விலைக்கு மிக நல்ல கிட்டார் என்றார். ஆனால் ஈரப்பதமான நாட்டில் செய்தவை இங்கே குளிர்காலத்தில் சூடேற்றிய வறண்ட வீட்டுக்கு வந்ததும் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே துருத்தும், அவற்றை அரம் போட்டு மழுக்க வேண்டியிருக்கும். கொரியாவிலிருந்து வந்த பழைய ஸ்குவயர்களில் பலவற்றின் உடல் ஒட்டுப்பலகையால் ஆனது என்பதையும், மலிவு வரிசைகளில் வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பாட் என்ற மின்தடை சிறியதாக இருக்கும் என்பதையும், ட்ரெமோலோவின் அடிக்கட்டை எஃகாக இல்லாமல் மெலிந்த துத்தநாகக் கலவையாக இருக்கும் என்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

மகள் ஜப்பானியக் கிட்டாரைக் கீழே வைக்க மனமில்லாமல் வாசித்துக் கொண்டிருந்தாள். அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இறக்குமதியான கிட்டார் மட்டம் என்று நான் சொல்லவில்லை. மெக்சிகோ கிட்டாரை மெக்சிகோ கிட்டார் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் நான் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன், மீதிப் பணத்தில் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரும் வந்திருக்கும். எங்களிடம் உள்ள இரண்டு துண்டுகளையும் சேர்த்து விற்றால் 600 டாலர் வரலாம் என்றார் பெரியவர். நான் கொடுத்தது 1,180 டாலர்.

கடை வாசலிலிருந்தே விற்பவரை அழைத்தேன், எடுக்கவில்லை. படங்களோடு எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: அமெரிக்கன் ஸ்பெஷல் என்ற வரிசையிலும் ஆறு திருகு பிரிட்ஜ் உண்டு, உங்கள் பழுதுபார்ப்பவருக்கு அது தெரியாது போலிருக்கிறது. அது உண்மைதான், அமெரிக்கன் ஸ்பெஷலில் ஆறு திருகுகள் உண்டு. ஆனால் அந்த வரிசைக்கு 1970-களின் பெரிய தலைப்பகுதி இருக்கும், எங்களுடையது சிறியது. அது மட்டுமல்லாமல் அவர் விற்றதே அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்று சொல்லித்தானே! இதை எழுதியதும் பதில் மாறியது. தானே வேறொருவரிடமிருந்து அப்படித்தான் வாங்கியதாகவும், தனக்கு எதுவும் தெரியாது என்றும், பத்து நாள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க நினைப்பது நியாயமில்லை என்றும் எழுதினார். பத்து நாள் காத்திருக்கச் சொன்னவரே அவர்தான். அதன் பிறகு என் எண் தடுக்கப்பட்டுவிட்டது.

இணையச் சந்தைக்குப் புகார் அனுப்பினேன். முதல் பதில் இயந்திரம் எழுதியது. இரண்டாவது பதிலில், பணம் தங்கள் தளத்துக்கு வெளியே கைமாறியதால் தங்களால் எதுவும் செய்ய இயலாது என்றும், என்னுடைய ஏமாற்றத்தைப் புரிந்துகொள்வதாகவும் இருந்தது. அந்த விற்பவரின் கணக்கையாவது நிறுத்துங்கள், நாளை இன்னொருவர் ஏமாறுவார் என்று எழுதியதற்கு, சீரியல் எண் விளம்பரத்தோடு பொருந்துவதால் விதிமீறல் எதுவும் காணவில்லை என்று மூன்றாவது பதில் வந்தது. பணம் அனுப்பும் செயலியின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குக் கொள்முதல் பாதுகாப்பு கிடையாது, அது நீங்களே தேர்ந்தெடுத்த முறை என்றார்கள். மூன்று இடங்களிலும் மரியாதையாகப் பேசினார்கள். மூன்று இடங்களிலும் 1,180 டாலர் யாருடைய பொறுப்பும் இல்லை. இன்று காலை பார்த்தால் அந்த விளம்பரமே நீக்கப்பட்டிருக்கிறது. முழு விளம்பரத்தையும் படம் பிடித்து வைக்காமல் தலைப்பகுதியை மட்டும் சேமித்து வைத்திருந்தேன்.

விரிவான வழிகாட்டி ஒன்றை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை. புகாரைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன். பணம் கட்டும் முன் கழுத்தைக் கழற்றி, கழுத்தின் அடியையும் உடலின் குழியையும் பின்புறத் தகட்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான்கு திருகுதான், பத்து நிமிட வேலை, மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பிரிட்ஜையும் பிக்கப்பின் அடிப்பகுதியையும் அந்த ஆண்டின் அந்த வரிசைக்கு உரியவைதானா என்று ஒப்பிடுங்கள். நண்பருக்கு அனுப்பும் முறையில் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள், எத்தனை டாலர் தள்ளுபடி கிடைத்தாலும் சரி. விளம்பரத்தை முதல் நாளே முழுவதுமாகச் சேமித்து வையுங்கள். கிட்டார் கைக்கு வந்த அன்றே தெரிந்தவரிடம் காட்டுங்கள், மரம் பழகட்டும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

பள்ளியின் குளிர்கால நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இரவல் கிட்டாரைத் திரும்பக் கேட்டு மகள் இன்று ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள்.